டீச்சரிடம் கேளுங்கள்: பாட்டிக்குப் புரிய வேண்டும்

சென்ற இதழில், வெளிநாட்டில் வேலை பார்த்த அனுபவம் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1981 முதல் 1986 வரை நானும் என் கணவரும் நைஜீரியாவின் ரிவர்ஸ் மாநிலத்தில், அபுவா பகுதியில் இருந்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தோம் என்று பதில் எழுதியிருந்தேன். அவர் கணக்கு, நான் உயிரியல். அந்த ஊர் மொழியில் சுவரில் மாட்டும் ஒரு சுகாதார அட்டை தயாரிக்கப் போய்ப் பாடம் கற்றேன் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை இடம் முழுவதும் அதற்கே.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: அபுவா மொழியைத் தேடினால் ஒரு பக்கம் பப்புவா நியூ கினி என்கிறது, இன்னொரு பக்கம் இந்தோனேசியா என்கிறது. உண்மையில் எங்கே இருக்கிறது, டீச்சர்?

நீ பார்த்தவை வேறு மொழிகள் அம்மா. பப்புவா நியூ கினியில் இருப்பது அபாவ். இந்தோனேசியாவின் அலோர் தீவில் பேசுவது அபுய். மூன்றும் எழுத்தில் நெருக்கமாக இருப்பதால் தேடும்போது கலந்துவிடுகின்றன. நான் சொன்னது நைஜர் டெல்டாவில், போர்ட் ஹார்கோர்ட் நகருக்கு மேற்கே இருக்கும் அபுவா. சொம்பிரெய்ரோ ஆறும் ஒராஷி ஆறும் ஓடுகிற பூமி. சேனை போல ஒரு கிழங்கு, மரவள்ளி, வாழை, எண்ணெய்ப்பனை எல்லாம் செழித்து வளரும். மக்கள் அபுவா, மொழியின் பெயர் அபுவன். தேடும்போது 'அபுவன்' என்று போட்டால் சரியான இடத்துக்குப் போவாய்.

பக்கத்து மொழியான ஒடுவாலுக்கும் அபுவனுக்கும் அக்கா தங்கை உறவு. இரண்டு மக்களும் சேர்ந்ததுதான் இன்றைய அபுவா-ஒடுவால் உள்ளாட்சிப் பகுதி. ஒக்பியா என்ற மொழியும் இதே குடும்பம்தான். 1956-ல் நைஜீரியாவில் முதன்முதலாக வணிக அளவில் எண்ணெய் கிடைத்த ஒலோய்பிரி, ஒக்பியா பேசுகிறவர்களின் ஊர். நாடு முழுவதற்கும் வருமானம் தந்த மண்ணின் மொழிகளை அந்த நாட்டிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை.

எத்தனை பேர் பேசுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். பல பட்டியல்களில் 25,000 என்று இருக்கும். அது 1989-ஆம் ஆண்டு மதிப்பீடு. 2006 மக்கள்தொகைக் கணக்கில் அந்த உள்ளாட்சிப் பகுதியில் 2,80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோருக்கும் அபுவன் தாய்மொழி இல்லை, ஒடுவால் பேசுகிறவர்களும் மற்றவர்களும் அதில் உண்டு. ஆனாலும் அந்தப் பழைய எண்ணை வைத்துக்கொண்டு 'சின்ன மொழி' என்று யாராவது தள்ளிவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை: நைஜீரியாவில் ஆட்சிமொழி ஆங்கிலம், பள்ளியிலும் ஆங்கிலம். எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும்போது இவ்வளவு சிறிய மொழிக்கு மெனக்கெட்டு மாற்றித் தருவது தேவையா?

ஐயா, போன புதிதில் எனக்கும் இதே எண்ணம்தான். வகுப்பில் மலேரியா பாடம் ஆங்கிலத்தில் நடத்துவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், கேட்டால் ஒப்பிப்பார்கள். ஒரு நாள் கடைசி பெஞ்சில் ஒரு பையன் தன் மொழியில் பக்கத்துப் பையனிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பேசாதே என்று அதட்டப் போனவள், அடுத்த பையன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். அரை மணி நேரம் நான் சொன்னபோது வராத வெளிச்சம் அதில் இருந்தது. அவனை முன்னால் வரச்சொல்லி எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கேள்விகள் வரத் தொடங்கின. தேங்கிய தண்ணீரில்தான் கொசு வளருமா, ஆற்றில் வளராதா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டையில் வளருமா என்று. அதுவரை என் வகுப்பில் யாரும் சொந்த வீட்டைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை.

அப்புறம் 1985-ல் அந்தச் சுகாதார அட்டை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுக்கச் சொல்லும் இயக்கம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த சமயம். நான் ஆங்கிலத்தில் எட்டு வாக்கியம் எழுதினேன். கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருபது நிமிடத்தில் அபுவனில் எழுதிக் கொடுத்தான். பெரிய அட்டையில் எழுதி மருந்தகச் சுவரில் மாட்டினோம்.

மறுநாள் ஒரு பாட்டி வந்தார். தனக்குப் படிக்கத் தெரியாது என்று பேரனைப் படிக்கச் சொன்னார். பேரன் ஆங்கிலம் நன்றாகப் படிப்பவன், ஆனால் தன் மொழியை எழுத்தில் பார்த்ததே இல்லை. தடுமாறினான். அந்த மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். அட்டையில் அதற்கான குறி எதுவும் இல்லை. ஒரு வார்த்தையை ஒரு மாதிரி படித்துவிட்டு, இல்லை இல்லை என்று திரும்பப் படித்தான். பாட்டி பொறுமையாகத்தான் கேட்டார். மருந்தகத்தில் வேலை செய்த உதவியாளர் எமுகான் என்ற பகுதியைச் சேர்ந்தவர். அவரும் அட்டையைப் பார்த்துவிட்டு, "நாங்கள் இப்படிச் சொல்ல மாட்டோம் மேடம்" என்றார். அபுவனில் நடு அபுவன், எமுகான், ஒட்டாபா, ஒக்பெடென் என்று நான்கு வட்டார வழக்குகள் உண்டு. அது தெரியாமலே ஒரு பையனின் வீட்டுப் பேச்சை ஊர் முழுவதற்கும் மாட்டிவைத்துவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அந்த உதவியாளரும் நானும் ஒரு மாமரத்தடியில் ஐந்து பெண்களோடு உட்கார்ந்தோம். எழுதி வைத்ததைக் காட்டவே இல்லை. "உங்கள் மருமகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். என் அட்டை, 'வயிற்றுப்போக்கு கிருமிகளால் வருகிறது' என்று தொடங்கியது. அவர்கள் அப்படித் தொடங்கவில்லை. குழந்தையின் கண் உள்ளே போய்விடும், அழுதால் கண்ணீர் வராது, அதைப் பார்த்தால் உடனே இப்படிச் செய் என்று தொடங்கினார்கள். கிருமி அவர்கள் பேச்சில் கடைசியாக வந்தது. அளவும் மாறியது. நான் எழுதியது 'ஒரு லிட்டர்'. எந்த வீட்டில் லிட்டர் இருக்கிறது? நைஜீரியச் சுகாதார இயக்கமே இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: ஒரு பீர் பாட்டில், அல்லது இரண்டு குளிர்பான பாட்டில், 600 மில்லி. சர்க்கரையும் அந்த அளவுக்கே கணக்கிட்டிருந்தார்கள். ஐந்து பேரில் இரண்டு பேர், பீர் பாட்டில் படம் போட்டால் சர்ச்சுக்குப் போகிற பெண்கள் அதை வீட்டில் மாட்ட மாட்டார்கள் என்றார்கள். சரி, குளிர்பான பாட்டில் இரண்டு என்று வரைந்தோம்.

ஐயா, ஆங்கிலம் தெரிந்தவர் பேரன். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் பாட்டி.

தமிழாசிரியர், புதுக்கோட்டை: அந்த மொழிக்கு எழுத்து உண்டா? அமைப்பில் நமக்கு வியப்பாக இருக்கக்கூடியது ஏதாவது?

இரண்டு விஷயம் என்னை ஈர்த்தது. ஒன்று, உயிரொலிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பது. நாக்கின் அடிப்பகுதியை முன்னே தள்ளிச் சொல்வன ஓர் அணி, தள்ளாமல் சொல்வன இன்னோர் அணி. பொதுவாக ஒரு சொல்லுக்குள் ஓர் அணி உயிர்களே சேரும். எனக்கு வித்தியாசம் காதில் விழவே ஒரு வருடம் ஆயிற்று, வாயில் கடைசி வரை சரியாக வரவில்லை. இன்னொன்று, நாம் பன்மைக்குச் சொல்லின் கடைசியில் 'கள்' சேர்க்கிறோம். இந்தக் குடும்ப மொழிகளில் பெயர்ச்சொல்லின் முன்பக்கம் மாறும். அதனால் அகராதியில் ஒருமை ஒரு பக்கத்திலும் பன்மை வேறு பக்கத்திலும் போய் உட்காரும்.

எழுத்து, ரோமன் எழுத்துதான். டெல்டா மொழிகள் பலவற்றில் உயிரெழுத்தின் அடியில் புள்ளி வைத்து அந்த இரண்டாவது அணியைக் காட்டுவார்கள். இதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1970 வாக்கில் 'ரிவர்ஸ் ரீடர்ஸ்' என்ற திட்டம் தொடங்கியது. மாநிலத்தின் சுமார் 20 மொழிகளிலும் வழக்குகளிலும் பிள்ளைகளுக்கான வாசிப்புப் புத்தகங்கள் போடுவது நோக்கம். மொழியியலாளர் கே வில்லியம்சன் அதன் தூண். பிறப்பால் ஆங்கிலேயர், ஆனால் வாழ்நாளை டெல்டா மொழிகளுக்கே கொடுத்துவிட்டு 2005-ல் மறைந்தார். ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழிக்காரர்களைக் கொண்டே எழுத்துமுறையைத் தீர்மானித்தார்கள். 1980-ல் இயான் கார்ட்னர் தொகுத்த அபுவன்-ஆங்கில அகராதி வந்தது. எங்கள் பள்ளியில் ஒரு பிரதி இருந்தது. அட்டை பிய்ந்து, நூலால் தைத்து வைத்திருந்தோம்.

மென்பொருள் பொறியாளர், சென்னை: எங்கள் குழு வெள்ள எச்சரிக்கை ஆப் ஒன்றை நைஜர் டெல்டா மொழிகளுக்கு மாற்றும் வேலையை எடுத்திருக்கிறது. அபுவனும் அதில் ஒன்று. ஆங்கில வாக்கியங்கள் 140 இருக்கின்றன. யாரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பது?

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். 2012-லும் 2022-லும் வெள்ளம் வந்தபோது அபுவா-ஒடுவால் பகுதியும் மூழ்கியது. என் பழைய மாணவர் ஒருவர் 2022-ல் படம் அனுப்பியிருந்தார். நாங்கள் இருந்த தெருவில் படகு போய்க்கொண்டிருந்தது. அதனால் இதை அவசர வேலையாகவே நினைத்துப் பதில் எழுதுகிறேன்.

140 வாக்கியங்களையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். முதலில் நீங்களே உட்கார்ந்து, எந்தப் பத்து வாக்கியம் உயிரைக் காப்பாற்றும் என்று பாருங்கள். 'அமைப்புகள்', 'கணக்கை நீக்கு' போன்றவை ஆங்கிலத்திலேயே கிடக்கட்டும். மொபைலில் அவற்றைத் தேடுகிற இளைஞருக்கு ஆங்கிலம் தெரியும்.

அந்தப் பத்தையும் அப்படியே மாற்ற முடியாது. 'நீர்மட்டம் மூன்று மீட்டரைத் தாண்டியது' என்பது யாருக்கு என்ன சொல்கிறது? ஊரில் ஆற்றங்கரைப் படித்துறை எது, எந்தப் படி வரை தண்ணீர் வந்தால் எந்தத் தெரு போகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் படியைச் சொல்லுங்கள். 'மேடான இடத்துக்குச் செல்லவும்' என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். டெல்டா பூமி தட்டையானது. மேடு என்று எதைக் காட்டுவார்கள்? எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தார்ச்சாலை என்று பெயர் சொல்ல வேண்டும். அது ஊருக்கு ஊர் மாறும். இதற்கு மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது, போன வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும்.

இன்னொன்று. அங்கே வெள்ளம் திடீரென்று கொட்டுகிற மழையால் மட்டும் வருவதில்லை. நைஜர் ஆறும் பெனுவே ஆறும் மேலே நிறைந்து, அந்தத் தண்ணீர் நாள்கணக்கில் இறங்கி, செப்டம்பர், அக்டோபரில் ஒராஷி வழியாக ஏறி வரும். ஆக, எச்சரிக்க நேரம் இருக்கிறது. 'உடனே ஓடுங்கள்' என்பதை விட, 'கிழங்கை இப்போதே தோண்டி எடுத்துவிடுங்கள், விதைக்கிழங்கை மேலே கட்டுங்கள்' என்பது அவர்களுக்குப் பயன்படும். விதைக்கிழங்கு போனால் அடுத்த வருடச் சாப்பாடும் போயிற்று.

எழுத்தை விடக் குரலை நம்புங்கள். எழுதிய அபுவனைத் தடுமாறாமல் படிப்பவர்கள் குறைவு. பேச்சைக் கேட்டால் குழந்தையிலிருந்து கிழவி வரை புரியும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பக்கூடிய முப்பது விநாடி ஒலிப்பதிவு, நான்கு வழக்குகளில் நான்கு. ஒரே நபர் நான்கையும் பேசி நடிக்கக் கூடாது. ஊரில் மரியாதை உள்ள குரலாக இருந்தால் இன்னும் நல்லது. பதிவு செய்கிறவர்களுக்குப் பணம் கொடுங்கள். 'உங்கள் மொழிக்குச் சேவை' என்று சொல்லி இலவசமாக வாங்குவது எனக்குப் பிடிக்காது.

எழுத்தும் தேவைப்படும் இடத்தில் உங்கள் பக்கத்து வேலை இது: அடிப்புள்ளி உள்ள ரோமன் ஓ எழுத்துக்கு, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தனி எண் உண்டு. அதன் மேல் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக் குறியும் சேர்ந்தால் பெரும்பாலும் தனி எண் கிடையாது, இரண்டு துண்டாகத்தான் சேரும். சில எழுத்துருக்களில் குறி பக்கத்தில் போய் விழுந்துவிடும். ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கவும் முடியும், அப்போது தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விலை குறைந்த, பழைய மொபைலில் திறந்து பாருங்கள். பயனர் புள்ளி போடாமல் தட்டினாலும் தேடல் கண்டுபிடிக்க வேண்டும், அவசரத்தில் யாரும் புள்ளி போட மாட்டார்கள். எண்ணுக்குப் பின்னால் ஒரு சொல்லை ஒட்டவைக்கிற வார்ப்புரு வாக்கியங்களைத் தவிர்த்துவிடுங்கள். தமிழில் பெயருக்குப் பின்னால் 'க்கு' ஒட்டப் போய் 'கண்ணன்க்கு' என்று வருகிறதே, அந்தத் தொல்லை அங்கே சொல்லின் முன்பக்கத்தில் வரும்.

இல்லத்தரசி, சேலம்: என் மகன் லாகோஸில் வேலை செய்கிறான். அங்கே எல்லோரும் ஆங்கிலத்திலிருந்து பிறந்த பிட்ஜின் என்ற பொதுமொழி பேசுகிறார்கள், அதுவே போதும் என்கிறான். சரிதானா?

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. போர்ட் ஹார்கோர்ட் சந்தையில் நானும் பிட்ஜின் பேசித்தான் மீன் வாங்கினேன். அது ஏழை ஆங்கிலம் இல்லை, தனக்கென்று இலக்கணம் உள்ள மொழி. 2017-ல் பிபிசி அதற்கென்று தனிச் சேவையே தொடங்கியது. பல மொழிக்காரர்கள் கூடும் இடத்துக்கு, வானொலிச் செய்திக்கு, பிட்ஜினை விடச் சிறந்தது இல்லை. ஆனால் பிரசவ வலியில் இருக்கிற பெண்ணிடம், சாவு வீட்டில், நிலத்தகராறில், அபுவாவில் நான் பிட்ஜின் கேட்டதில்லை. எந்த விஷயத்தைச் சொல்லப் போகிறோம் என்பதை வைத்துத்தான் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியை, நாமக்கல்: இப்போது அங்கே பிள்ளைகள் தாய்மொழியில் படிக்கிறார்களா?

2022 நவம்பரில் நைஜீரிய அரசு புதிய மொழிக் கொள்கையை அறிவித்தது. தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் தாய்மொழியில் என்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அத்தனை சந்தோஷம். 2025 நவம்பரில் அதை ரத்து செய்து, ஆரம்பத்திலிருந்தே ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டார்கள். தாய்மொழியில் படித்த இடங்களில் தேர்வு முடிவுகள் மோசம் என்று காரணம் சொன்னார்கள்.

இதை நான் ஏற்கவில்லை. அதே நாட்டில் 1970-ல் இஃபே நகரில் கல்வியாளர் பாபாதுண்டே ஃபஃபுன்வா தலைமையில் ஆறு ஆண்டுப் பரிசோதனை நடந்தது. பாடங்கள் அந்தப் பிள்ளைகளின் தாய்மொழியான யொரூபாவில், ஆங்கிலம் ஒரு பாடமாக நல்ல ஆசிரியரிடம். அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை, மற்ற பாடங்களில் முந்தினார்கள். அங்கே புத்தகம் எழுதினார்கள், ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அபுவன் போன்ற மொழிக்கு மூன்று வருடத்தில் ஆறு வகுப்புக்கும் அறிவியல் புத்தகம் யார் எழுதிக் கொடுத்தார்கள்? புத்தகமே கொடுக்காமல் மொழியைக் குற்றம் சொல்வது அநியாயம்.

கொள்கைக்குக் காத்திருக்காமல் செய்தவர்களும் உண்டு. கிழக்கே கடலோரத்தில் ஒபோலோ மொழிக்காரர்கள் தாங்களே அமைப்பு வைத்து, எழுத்துமுறை, புத்தகம் என்று பல வருடம் உழைத்தார்கள். இப்போது அவர்களுக்கு விக்கிப்பீடியாவே இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், ஓசூர்: இயந்திர மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் செய்யும் காலத்தில் இதற்கெல்லாம் ஆட்கள் எதற்கு?

இயந்திரம் படித்துக் கற்க வேண்டும் தம்பி. அபுவனில் அது படிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு பழைய அகராதி, சில வாசிப்புப் புத்தகங்கள், கொஞ்சம் கிறிஸ்தவ நூல்கள். இவ்வளவை வைத்து அது வாக்கியம் போலத் தெரிகிற எதையாவது கொடுக்கும். தவறு என்று சொல்லக்கூடியவர் அபுவாவில் இருக்கிறார், திரையின் முன்னால் இல்லை. மருந்து அளவில் அப்படி ஒரு தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்.

இயந்திரம் வரட்டும், எனக்கு மறுப்பில்லை. அதற்கு முன் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். என் அந்தப் பழைய மாணவர் இப்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன மாதம் அவரிடம் பேசினேன். தன் அம்மாவிடம் அனுமதி கேட்டு, கிழங்கு நடுவது முதல் அறுவடை வரை அவர் சொல்வதை மொபைலில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார். இதுவரை நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறதாம். எழுத்தில் இறக்க, அந்த அகராதியின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். போர்ட் ஹார்கோர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.